குழாய் கட்டினவன் பேரன்

ஏல, இங்க வா. இந்தத் தார்சாவுல செத்த உக்காரு. ஊரே கொடைக்குக் கூடிக் கெடக்கு. அம்மன் கோயில் முன்னால நையாண்டி மேளக்காரன் பிளந்து கட்டுதான். நீ என்னன்னா ரெண்டு காதுலயும் வெள்ளைப் புளியமுத்து மாதிரி எதையோ செருகிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, சமாதியான சாமியார் கணக்கா உக்காந்திருக்க. கேட்டா, சத்தத்தை அமத்துத கருவின்னு சொல்லுத. அதுக்குள்ள ஓடுத கணக்கை எழுதுததுதான் பெங்களூர்ல உனக்குச் சோலியாம்.

நல்லா வெளங்கும் நம்ம குடும்பம். நாப்பது வருசம் இந்தச் சுத்துப்பட்டு ஊர்ல மைக் செட் போட்டவன் உங்க தாத்தா. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கொடை, எலெக்சன், எதுன்னாலும் பனைமரத்துல ஏறி நாலு திசைக்கும் நாலு குழாயைக் கட்டி, விடியக்காலம் நாலு மணிக்கு எல். ஆர். ஈஸ்வரி அம்மாவை எழுப்பிவிட்டு ஊரையும் எழுப்புனவன். என்னால தூக்கம் கெட்டவன் எத்தனை பேரு சாபம் விட்டானோ, அத்தனையும் சேந்து பேரனா வந்து பொறந்திருக்கு. சத்தம் போட்டு வாங்குன துட்டுல உங்க அப்பனைப் படிக்க வச்சேன், அவன் உன்னைப் படிக்க வச்சான், நீ சத்தத்தை அமத்தித் துட்டு வாங்குத. பத்து வரவு, பத்து செலவு, பேரேடு நேராயிட்டு.

நேத்து நீ குளிக்கப் போன நேரம் அதை எடுத்து என் காதுல வச்சுப் பாத்தேன். மூஞ்சியைச் சுளிக்காத, தொடச்சுட்டுத்தான் வச்சேன். செருகுனதும் முதல்ல போனது கோயில் ஜெனரேட்டர். 'டுர்ர்ர்'னு மூணு நாளா மண்டைக்குள்ள ஓடுதே, அது போன இடம் தெரியலை. அடுத்தாப்ல மேல சுத்துத ஃபேன். இறக்கை சுத்துது, காத்து வருது, சத்தத்தைக் காணோம். அடேயப்பான்னு இருந்துது. ஆனா தவில்ல விழுந்த அடி ஒவ்வொண்ணும் மெலிஞ்சாலும் உள்ள வந்துது. அடுக்களையில உங்க ஆச்சி, "இந்த மனுசன் எங்க போய்த் தொலைஞ்சாரு"ன்னு கேட்டா பாரு, அது எழுத்து குறையாம வந்து சேந்துது. ஏல, எவ்வளவு குடுத்து வாங்குன? வேண்டாம், சொல்லாத. சாப்புடுத நேரம்.

அதுக்குத்தான் ராத்திரி உன்னைத் தூங்கவிடாம உக்காத்தி வச்சுக் கேட்டேன். நீயும் கொட்டாவி விட்டுக்கிட்டே சொன்ன. நீ சொன்னதைத்தான் இப்பம் உனக்கே திருப்பிச் சொல்லப் போறேன். தப்பாருந்தா தலையை ஆட்டு. சரியாருந்தாலும் ஆட்டு, பெரியவன் பேசுதேம்லா.

சத்தத்தைச் சத்தத்தாலயே அமத்துத இந்தச் சூட்சுமம் எனக்கு 1978-லயே தெரியும். தெரியும்ங்கது எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். பக்கத்து ஊர்ல ஒரு கல்யாணம். குழாயைத் தவிர வேற அறியாத ஊருக்கு முத முதலாப் பொட்டி ஸ்பீக்கர் ரெண்டு கொண்டு போனேன். மேடைக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. கூட வந்த பொடியன் வயரை முறுக்குனான். ஆம்பைப் போட்டா, நட்ட நடுவுல உக்காந்திருந்த மாப்பிள்ளையோட பெரியப்பா எந்திரிச்சு வந்து, "பாட்டு பாடுது, அடி எங்கவே?"ன்னாரு. போய் அவர் நாக்காலியில உக்காந்து பாத்தேன். நெசம்தான். கொட்டுச் சத்தம், கனத்த சத்தம் எதுவுமே இல்லை, சளி பிடிச்சவன் பாடுத மாதிரி இருக்கு. ஒரு பொட்டிக்கிட்ட போய்க் காதை வச்சா அடி இருக்கு. மத்த பொட்டிக்கிட்டயும் இருக்கு. நடுவுல வந்து நின்னா இல்லை. பேய் பிடிச்ச மாதிரி அங்கயும் இங்கயும் நாலு நடை நடந்தேன். கடைசியில பாத்தா, பொடியன் ஒரு பொட்டியில பிளஸ் மைனஸை மாத்தி முறுக்கியிருக்கான். இந்தப் பொட்டி காத்தை வெளிய தள்ளுத அதே நேரத்துல அந்தப் பொட்டி உள்ள இழுக்கு. ரெண்டும் நடுவுல சந்திச்சு, ஒண்ணை ஒண்ணு தின்னுட்டு. வயரை மாத்துனேன், அடி திரும்பி வந்துது. பொடியனுக்கும் ஒண்ணு வந்துது, முதுகுல.

இப்பம் யோசிச்சா, அவனுக்குக் காப்புரிமை வாங்கிக் குடுத்திருக்கணும். ஆனா பிந்திட்டான். ஜெர்மனியில பால் லூக்னு ஒருத்தர் 1933-லயே இதை எழுதிப் பதிஞ்சு, 1936-ல அமெரிக்காவுலயும் பட்டா வாங்கி வச்சிட்டாராமே. ஒரு காத்துக் குழாய். அதுக்குள்ள ஒரு சத்தம் வருது. வார வழியில ஒரு மைக் அதை ஒட்டுக் கேக்கு. சத்தம் ஒரு வினாடிக்கு 340 மீட்டர் சுமாருக்கு அசைஞ்சு அசைஞ்சு நடக்கும். கம்பியில கரண்டு அதுக்கு எத்தனையோ மடங்கு முந்திப் போயிரும். சத்தம் ஸ்பீக்கர்கிட்ட வந்து சேரும்போது ஸ்பீக்கர் தலைகீழ்ச் சத்தத்தைக் கையில வச்சுக்கிட்டுத் தயாரா நிக்கும். மேடு வந்தா பள்ளம், பள்ளம் வந்தா மேடு. ரெண்டும் சேந்தா வரப்பு மட்டம்.

படம் போட்டது அவ்வளவு அழகு. ஓட்டுனவன் யாரு? வால்வு ரேடியோ காலத்துல அதை ஒழுங்கா ஓட்ட வழியில்லை. ஏன்னு கேளு, தெரு முக்குல நிக்குதே டிரான்ஸ்ஃபார்மர், அதை வச்சே சொல்லுதேன். 'ம்ம்ம்'னு இருபத்திநாலு மணி நேரமும் முனகுதுல்லா, நம்ம கரண்டு 50 சைக்கிள். ஒவ்வொரு சைக்கிளுக்கும் உள்ள இருக்க இரும்பு ரெண்டு தடவை மயிரிழை நீண்டு சுருங்குது. அதனால முனகல் 100. அமெரிக்காவுல கரண்டு 60, முனகல் 120. அங்க ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில கோனோவர்னு ஒருத்தர் 1956 வாக்குல டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல ஸ்பீக்கரை வச்சு, 120, 240, 360-ன்னு ஒவ்வொரு முனகலுக்கும் எதிர் முனகலைக் கையால திருகித் திருகி வச்சாரு. ஒரு வீட்டுச் சன்னலைப் பாத்து அமந்துது. ஆனா பக்கத்துத் திசையில முன்னைக்கு இப்பம் கூடிட்டு. இந்த வீட்டு இரைச்சலை அந்த வீட்டுக்குத் தள்ளிவிட்டாச்சு. நாம சாக்கடைத் தண்ணிக்குச் செய்யுத வேலைதான், அவுக சத்தத்துக்குச் செஞ்சிருக்காக. காத்து திரும்புனா, வெயில் ஏறுனா, கணக்கு தப்பிப்போகும், மறுபடியும் திருகணும். டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு ஆளைக் கட்டிலைப் போட்டு உக்காத்தி வச்சு எந்த மின்வாரியம் சம்பளம் குடுக்கும்?

ஆக, வேணும்கது ஸ்பீக்கர் இல்லை, மைக் இல்லை. தூங்காம, கோவப்படாம, டீ கேக்காம உக்காந்து திருகாணியைத் திருகிக்கிட்டே இருக்க ஒரு ஆளு. அந்த ஆளைத்தான் நீ அல்காரிதம்னு சொல்லுத. நான் மச்சினன்னு சொல்லுதேன்.

பொறு, சொல்லுதேன். உங்க ஆச்சியோட அண்ணன், கருப்பட்டிக் கடை வச்சிருந்தானே, அவன் நிறுக்கதை நீ பாத்ததில்லை. தராசுத் தட்டுல என்ன கெடக்குன்னு அவன் பாக்க மாட்டான். வாடிக்கைக்காரன் மூஞ்சியையும் பாக்க மாட்டான். முள்ளை மட்டும் பாப்பான். முள்ளு எந்தப் பக்கம் சாயுது, எவ்வளவு சாயுது. கொஞ்சம் சாஞ்சா ஒரு சில்லு கருப்பட்டி. நிறையச் சாஞ்சா ஒரு துண்டு. மறுபக்கம் சாஞ்சா எடுத்துருவான். நாலு கை போகும்போது முள்ளு நட்டுக்க நிக்கும். அவனுக்கு வாய்ப்பாடு தெரியாது. மிச்சம் எவ்வளவுன்னு பாக்கத் தெரியும், மிச்சத்துக்கு ஏத்த மாதிரி கை நீட்டத் தெரியும்.

1959-ல ஸ்டான்ஃபோர்ட்ல, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பெர்னார்ட் விட்ரோன்னு ஒரு வாத்தியாரும் அவருகிட்டப் புதுசாப் படிக்க வந்த டெட் ஹாஃப்னு ஒரு பையனும் கரும்பலகையில எழுதிக் கண்டுபிடிச்சது இதைத்தான். எல்எம்எஸ்னு அதுக்குப் பேரு. மறு வருசம் கட்டுரையா வந்துது. அந்த ஹாஃப்தான் பின்னால இன்டெல் கம்பெனிக்குப் போய், 1971-ல வந்த முதல் மைக்ரோபிராசசருக்கு அடிப்போட்டவருல ஒருத்தர். எம் மச்சினன் கடையை மூடிட்டுத் திருச்செந்தூருக்குப் போனான். எல்லாம் தலையெழுத்து.

ஒரு வித்தியாசம் இருக்கு. மச்சினனுக்கு ஒரு தட்டு. உன் கணக்குக்கு நூத்துக்கணக்குல திருகாணி. இந்த நொடித்துகள்ல வந்த சத்தத்துக்கு ஒண்ணு, அதுக்கு முந்துன துகளுக்கு ஒண்ணு, அதுக்கும் முந்துனதுக்கு ஒண்ணுன்னு வரிசையா. கடைசியில காதுக்குள்ள ஒரு மைக் மிச்சத்தைக் கேக்கு. மிச்சம் இருந்தா எந்தத் திருகாணியைத் திருகணும்? இங்கதான் அவுக நியாயஸ்தர். அந்த நேரத்துல எந்தத் திருகாணி வழியா எவ்வளவு சத்தம் போச்சோ, அந்த அளவுக்குத்தான் அதுக்குத் திருத்தம். சும்மா கெடந்ததைத் தொடக்கூடாது. நம்ம ஊர்ப் பஞ்சாயத்துல சும்மா நின்னவனுக்குத்தான் முதல் அபராதம் விழும், உனக்குத் தெரியும்.

அப்புறம் அந்தப் பூனை எழுத்து. ஒரு தடவைக்கு எவ்வளவு திருகணும்னு சொல்லுததுக்கு 'மியூ'ன்னு பேரு வச்சிருக்கானே கிரேக்கன், ராசாதான் அவன். பூனை நடைதான் அது. பலகையைக் கொண்டா, போட்டுக் காட்டுதேன். ஒரே ஒரு திருகாணி, ஒரே அளவுச் சத்தம்னு வச்சுக்கோ. மிச்சம் 10. மிச்சத்துல 10-ல ஒரு பங்கைத் திருத்துனா, 10, 9, 8.1, 7.29-ன்னு பைய இறங்கும். 22 நடையில 10-ல ஒரு பங்குக்கு வந்துரும். ஒரே தடவையில முழுசாத் திருத்துனா ஒரே நடையில சுழி. ஆகா, அதையே செய்யலாமேன்னு உன்ன மாதிரி அவசரக்காரனுக்குத் தோணும். அடுத்த நொடி எவனாவது தும்முனா அதையும் முழுசா நம்பித் திருத்திக்கிட்டுத் திரிவ. இன்னும் பேராசை பிடிச்சு ரெண்டு பங்கு திருத்துனா, 10, மைனஸ் 10, 10, மைனஸ் 10. செக்குமாடு. ரெண்டரைப் பங்குன்னா, 10, மைனஸ் 15, 22.5, மைனஸ் 33.75. அமத்த வந்த கருவி ஊரைக் கூட்டிரும்.

உன் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கதுல உங்க அம்மை இந்த ரெண்டரைதான். போன பொண்ணு உசரம் குறைச்சல்னு சொன்னதுக்கு அடுத்தாப்ல பனைமரத்தைக் கூட்டிட்டு வந்தா. சவத்தெ விடு, அது வேற கதை.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அடுத்த இடம். ராத்திரி நீ அந்த இடத்தைச் சொல்லும்போதுதான் நிமிந்து உக்காந்தேன். ஏன்னா அது என் தொழில். கோயில்ல ஆம்பு, குழாய். மேலத்தெரு கடைசியில, ஒரு 340 மீட்டர் தள்ளி, ஒரு பொடியனைத் துண்டோட நிறுத்துவேன். சத்தம் காணலைன்னா துண்டைத் தூக்கு, கூடிட்டுன்னா இறக்குன்னு சொல்லி வைப்பேன். முதல் வருசம் என்ன நடந்துதுங்க? துண்டைத் தூக்குனான், கூட்டுனேன். இன்னும் தூக்கியே நிக்கான். மறுபடி கூட்டுனேன். இன்னும் நிக்கான். மூணாந்தடவை கூட்டுனேன். அப்பத்தான் முதல்ல கூட்டுனது அவன் காதுக்கே போய்ச் சேருது. பெறகு ஒண்ணொண்ணா மத்ததும் போய் விழுது. துண்டைக் கீழ போட்டுட்டுக் காதைப் பொத்துதான். நான் பதறிக் குறைக்கேன். ஒரேயடியாக் குறைஞ்சு, மறுபடி தூக்குதான். கால் மணி நேரம் ரெண்டு பேரும் ஊஞ்சல் ஆடுனோம். பொடியன் மேல தப்பில்லை, ஆம்பு மேலயும் தப்பில்லை. என் கை திருகுனது அவன் காதுக்குப் போய்ச் சேர ஒரு வினாடி ஆகும்னு எனக்குத் தெரியலை. மிச்சம் இப்பத்தது, அதுக்குக் காரணம் ஒரு வினாடிக்கு முந்துனது. நான் இப்பத்ததைத் தண்டிச்சேன்.

உன் காதுக்குள்ளயும் இதேதான். கணக்கு முடிவு பண்ணுனது ஸ்பீக்கர் வழியாப் போய், காதுக் குழிக்குள்ள முட்டி மோதி, உள் மைக்குக்கு வந்து சேருததுக்குள்ள பிந்திருது, நிறமும் மாறிருது. அதனால, வந்த சத்தத்தையும் அதே மாதிரி பிந்தவிட்டு, அதே மாதிரி நிறம் மாத்தி, அதுக்கப்புறம்தான் மிச்சத்தோட பெருக்கணும். 1980-ல ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில டென்னிஸ் மார்கன் எழுதுனாரு, 1981-ல பர்ஜெஸ் காத்துக் குழாய்க்காக எழுதுனாரு, அதே வருசம் விட்ரோவும் தனியா வந்து சேந்தாரு. ஃபில்டர்டு எக்ஸ் எல்எம்எஸ்னு நீ நாக்கைச் சுழட்டிச் சொன்ன. நான், 'துண்டு போய்ச் சேருத நேரத்தைக் கழிச்சுக்கோ'ன்னு சொல்லுவேன்.

அந்த வழியை முன்கூட்டியே அளந்து வைக்கணும்னு நேத்து 'ஸ்ஸ்ஸ்'னு ஒரு இரைச்சலைப் போட்டுக் காமிச்சியே, நல்லாருந்துது. அளவு கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் பாதகமில்லையாம். 90 டிகிரிக்குள்ள கோணல் இருந்தா, பூனை நடை சின்னதா இருக்கவரைக்கும், சேந்துரும். தென்காசிக்கு வழி கேட்டவனுக்குக் கொஞ்சம் கோணலாக் கையைக் காட்டுனாலும், வைக்க ஒவ்வொரு எட்டும் ஊருக்குப் பக்கத்துலதான் கொண்டு போகும். கால் வட்டத்தைத் தாண்டிக் காட்டிட்டியோ, எட்டு வைக்க வைக்க ஊரு தூரமாகும். அவன் நடையில தப்பில்லை, நடக்க நடக்கத்தான் கேடு.

இப்பம் உன் கம்பெனிக் கதைக்கு வாரேன். பெரிய ஆளுக முன்னால காமிக்கும்போது கருவி 'கீ'ன்னு கத்திட்டுன்னு மூஞ்சியைத் தொங்கப்போட்டு வந்தியே. கணக்குல தப்பில்லை தாத்தா, ஆய்வுக்கூடத்துல அருமையா ஓடுனதுன்னு நூறு தடவை சொல்லிட்ட. யாரு காதுல அளந்தன்னு கேட்டேன். பிளாஸ்டிக் தலையிலயாம். ஏல கோட்டிக்காரா, பிளாஸ்டிக் தலை வெத்தலை போடுமா? என் தாடையைப் பாரு. மெல்லும்போது காதுக் குழியே அசையுது. ரப்பர் ஒரு நூல் நெகிழ்ந்தாலும் நீ அளந்து வச்ச வழி வேற, இப்பத்த வழி வேற. அன்னைக்குக் காதுல மாட்டுன பெரியவரு பிஸ்கட்டைத் தின்னுக்கிட்டே மாட்டியிருப்பாரு. கேட்டுப் பாரு.

நாலு விதமான காதுல அள. என் காதுல அள, உங்க ஆச்சி பாம்படக் காதுல அள. 1989-லயே எரிக்சன்னு ஒருத்தர், கருவி ஓடிக்கிட்டு இருக்கும்போதே மெல்லிசா ஒரு இரைச்சலை உள்ள விட்டு, வழி மாறுதான்னு பாத்துக்கிட்டே இருக்க வித்தையைச் சொல்லிட்டாராம்லா. சத்தத்தை அமத்த வந்தவன் தானும் கொஞ்சம் சத்தம் போட்டுத்தான் ஆகணும்னு ஆகிப்போச்சு பாத்தியா. இதைக் கேட்டுட்டுச் சிரிச்சு சிரிச்சு எனக்கு விக்கல் வந்துது. காதை அடைக்க வந்த கருவிக்கு ஒரு காதுக்கு ரெண்டு மைக். வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு, ராத்திரி பகலா ரெண்டும் முழிச்சுக் கேட்டுக்கிட்டே இருக்கு. நீ கேக்காம இருக்கதுக்காக, அது ஒரு வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை கேக்கு. நம்ம வீட்டுல எனக்குன்னு அப்படி ஒரு ஆள் இருந்திருந்தா நான் ஏன் பனைமரத்துல ஏறப்போறேன்.

மைக்கும் ஸ்பீக்கரும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டா 'கூ'ன்னு கத்தும்கது மைக் செட்காரனுக்கு அரிச்சுவடி. வெளி மைக்குக்கு உன் ஸ்பீக்கர் சத்தம் கசிஞ்சா அதேதான். கசிவைக் கணக்குப் போட்டுக் கழி, இல்லைன்னா மைக்கைத் திருப்பி வை. இதுல வேற சொல்ல ஒண்ணுமில்லை.

ஜெனரேட்டர் போச்சு, ஆச்சி ஏன் போகலைன்னு கேட்டேன்லா? நீ சங்கடப்பட்டுக்கிட்டே ரெண்டு காரணம் சொன்ன. ரெண்டும் நெசம். வெளி மைக்குக்கும் உள் ஸ்பீக்கருக்கும் நடுவுல 3 சென்டிமீட்டர் தூரம்னு வை. சத்தம் அதைக் கடக்க எடுக்க நேரம் ஒரு வினாடியில 10,000-ல ஒரு பங்கு கூட இல்லை. அதுக்குள்ள கேட்டு, பெருக்கி, கூட்டி, தலைகீழாக்கி, காத்தைத் தள்ளணும். ஜெனரேட்டர் மாதிரி சொன்னதையே சொல்லுதவன்னா பிந்துனாலும் பாதகமில்லை, அடுத்து என்ன சொல்லுவான்னு தெரியும். உங்க ஆச்சி அடுத்து என்ன சொல்லுவான்னு அம்பத்திரெண்டு வருசமா எனக்கே தெரியாது. உன் கணக்குக்கா தெரியப் போகுது?

ரெண்டாவது, அலையோட நீளம். 100 சைக்கிள் முனகலுக்கு அலை 3.4 மீட்டர், பாயை விரிச்சாலும் பத்தாது. அதுக்கு மேல எதிர் அலையைப் போடுதது அகலமான வயலுக்கு வரப்பு வெட்டுத மாதிரி, விரல்கடை விலகுனாலும் வெளிய தெரியாது. 1000 சைக்கிளுக்கு 34 சென்டிமீட்டர்தான். ஒரு அறையில ஸ்பீக்கரை வச்சு அமத்துனா, அலையில சுமார் 10-ல ஒரு பங்கு இடம்தான் அமைதியாகும். 3.4 சென்டிமீட்டர், ஒரு காது அளவு. தலையைத் திருப்புனா போச்சு. அதுக்கும் மேல உள்ள கீச்சுச் சத்தத்தை எல்லாம் நிறுத்துதது உன் கணக்கில்லை, அந்த ரப்பர். கம்பெனிக்காரன் விளம்பரத்துல ரப்பரைப் பத்தி வாயே திறக்க மாட்டான்.

ஒரே ஒரு விசயத்துல எனக்கு ஒருத்தர் போட்டி. 1978-ல நான் வயரை மாத்திக்கிட்டு இருந்த அதே வருசம், சூரிக்கிலேருந்து பாஸ்டனுக்குப் போற விமானத்துல அமர் போஸ்னு ஒருத்தர் உக்காந்திருந்தாரு. அவுக அப்பா கல்கத்தாக்காரரு, வெள்ளைக்காரனை எதுத்துட்டு அமெரிக்காவுக்குத் தப்பிப் போனவரு. விமானத்துல குடுத்த ஹெட்ஃபோன்ல பாட்டே கேக்கலை, எஞ்சின் இரைச்சல். இறங்குததுக்குள்ள காகிதத்துல கணக்கைப் போட்டுட்டாரு. அது உன் பூனை நடை இல்லை. உள் மைக் கேட்டதை உடனுக்குடனே திருப்பிப் போடுத நேரடிச் சுத்து. 1986-ல வாயேஜர்னு ஒரு சின்ன விமானம் எண்ணெய் நிரப்பாம உலகத்தைச் சுத்தி வந்துது, ஒம்பது நாளு. அதை ஓட்டுன ரெண்டு பேரும் செவிடாகாம இருக்க அவரு கருவியைத்தான் மாட்டியிருந்தாக. கடைக்கு வந்தது 1989-ல. பதினோரு வருசம், ஒரு காது மூடிக்கு. நீ மூணு மாசத்துல கத்திட்டுன்னு அழுத.

இந்த வித்தையை விசிறி விமானத்துலயும் வச்சிட்டான். சென்னையிலேருந்து தூத்துக்குடிக்கு வந்துக்கிட்டு இருந்துதே க்யூ400, அந்த க்யூவே அமைதிங்கதுக்கு வச்ச எழுத்தாம். விசிறி ஒரே தாளத்துல சுத்துதனால அங்க வெளி மைக் கூட வேண்டாம், எத்தனை சுத்துன்னு எஞ்சின்கிட்டக் கேட்டாலே போதும். தாளம் தெரிஞ்சவனுக்குப் பாட்டு எதுக்கு?

அன்னா, கேட்டியா? வேட்டு. காதுல மாட்டியிருந்தியே, இப்பம் ஜெனரேட்டர் சத்தம் லேசாத் திரும்ப வந்துதா இல்லையா? எனக்கு நேத்து வந்துது. வேட்டு வெடிச்சா மிச்சம் மலை மாதிரி வரும். உன் கணக்கு அந்த மலையை நம்பி, கஷ்டப்பட்டுச் சேத்து வச்ச திருகாணி எல்லாத்தையும் ஒரே தள்ளாத் தள்ளிவிட்டுரும். திரும்பச் சேர நேரமாகும். மச்சினன் கடையில ஒருநா ஆடு வந்து தட்டை முட்டிட்டு. முள்ளு கிடுகிடுன்னு ஆடுது. அவன் கருப்பட்டியை அள்ளிப் போடலை. ஆட்டை விரட்டிட்டு, முள்ளு நிக்கவரைக்கும் சும்மா இருந்தான். உங்க ஆளுகளும் அதைக் கண்டுபிடிச்சு வச்சிருக்காக போல. மிச்சம் அளவுக்கு மீறுனா வெட்டிரு, இல்லைன்னா எவ்வளவுன்னு பாக்காம எந்தப் பக்கம்னு மட்டும் பாரு. சத்தம் பெருசா வந்தா நடையைச் சின்னதாக்கு. நாள்பட்ட திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமா ஒழுகவும் விடு, இல்லைன்னா ஏறிப்போய் ஸ்பீக்கரைக் கிழிச்சிரும். இதை எல்லாம் உன் கருவியில எழுதியிருக்கியா? இல்லையா? பெறகு கொடைக்கு எதுக்குல கொண்டு வந்த?

சரி, பொழுது விடிஞ்சதும் என் தலையில அந்த 'ஸ்ஸ்ஸ்'ஸைப் போட்டு அள. வெத்தலை போட்டுக்கிட்டே உக்காந்திருக்கேன்.

ஏல, அங்க யாரு கூப்புடுதா? உங்க ஆச்சியா? வேட்டுக்காரனுக்குத் துட்டு குடுக்கணும்னு சாயங்காலத்துலேருந்து என்னைத் தேடிக்கிட்டு இருக்கா. அந்தப் புளியமுத்து ரெண்டையும் இங்க குடு. வெரசா. என்னது, பாட்டரி தீந்துட்டா? தீந்தா தீந்துட்டுப் போகுது. என் காதுல அது இருக்கது அவ கண்ணுக்குத் தெரியுதுல்லா, அது போதும்.